ஓர் ஆலையின் கணக்கா, ஊரின் கணக்கா?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பொருளியல் பகுதியில் ‘தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்’ என்றொரு பாடம் இருக்கிறது. திருப்பூர் என்றால் பின்னலாடை, ஆம்பூர் என்றால் தோல், சிவகாசி என்றால் பட்டாசும் அச்சும், கரூர் என்றால் வீட்டு உபயோகத் துணி என்று மாணவர்கள் அந்தப் பட்டியலை விரைவில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தொழில்கள் ஓரிடத்தில் கூடினால் மூலப்பொருளும் தொழிலாளரும் சந்தையும் எளிதில் கிடைக்கும் என்பதையும் தேர்வில் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். நான் கரூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இந்தப் பாடம் முடிந்ததும் சில ஆண்டுகளாக இரண்டு பாடவேளைகளைக் கூடுதலாக ஒதுக்கி வருகிறேன். ஓர் ஊரில் எந்தெந்தத் தொழில்கள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று என்ன கொடுத்து வாங்குகின்றன என்பதைப் பொறுத்து அந்த ஊர் செலவழிக்கும் ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதே அந்த இரண்டு பாடவேளைகளின் பொருள். அதை நடத்தும் முறையைச் சக ஆசிரியர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இதற்கு ஒரு தேவை இருக்கிறது. டிசம்பர் 14 தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். அன்று நம் பள்ளிகளில் ஓவியமும் முழக்கமும் எழுதச் சொல்கிறோம். விளக்கை அணை, மின்விசிறியை நிறுத்து என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவை தேவையான பழக்கங்களே. ஆனால் ஆலைகளைப் பற்றி எழுதச் சொன்னால், புகைபோக்கி ஒன்றை வரைந்து அதற்குக் கொம்பும் பல்லும் வைத்துவிடுகிறார்கள். அந்தப் புகைபோக்கியின் கீழே வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு தெரியாமல் தீர்ப்பு சொல்லும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிடக் கூடாது.

முதல் பாடவேளை: ஊரில் என்ன தொழில் இருக்கிறது?

கரும்பலகையில் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு கற்பனை ஊர்களை எழுதுவேன். இரண்டிலும் ஆண்டு உற்பத்தியின் மதிப்பு 100 கோடி ரூபாய். இரண்டிலும் தையல், சிமெண்ட் என இரண்டே தொழில்கள். எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அ ஊர்: தையல் 80 கோடி, கோடிக்கு 1 அலகு ஆற்றல். சிமெண்ட் 20 கோடி, கோடிக்கு 10 அலகு. மொத்தம் 80 + 200 = 280 அலகு.

ஆ ஊர்: தையல் 20 கோடி, கோடிக்கு 0.8 அலகு. சிமெண்ட் 80 கோடி, கோடிக்கு 8 அலகு. மொத்தம் 16 + 640 = 656 அலகு.

“எந்த ஊர் ஆற்றலை வீணாக்குகிறது?” என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “ஆ ஊர்” என்று சொல்லும். அடுத்து, “எந்த ஊர்த் தையல் கூடம் சிக்கனமானது? எந்த ஊர் சிமெண்ட் ஆலை சிக்கனமானது?” என்று கேட்பேன். இரண்டுக்கும் விடை ஆ ஊர்தான். வகுப்பு சற்று அமைதியாகும். இந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு நேரம் எண்களை எழுதினோம். அவசரப்பட்டு விளக்கிவிடாமல் அவர்களையே யோசிக்க விடலாம்.

பிறகு மூன்றாவது கணக்கு. ஆ ஊரின் சிக்கனமான இயந்திரங்களை அ ஊருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? 80 × 0.8 = 64. 20 × 8 = 160. மொத்தம் 224. அதாவது இயந்திரத்தின் திறனால் 280-லிருந்து 56 அலகு குறைகிறது. இதைத் திறன் விளைவு என்று எழுதுவோம். அந்த 224, ஆ ஊரில் 656 ஆவதற்குக் காரணம் தொழில்களின் பங்கு மாறியதுதான். இந்த 432 அலகு வேறுபாட்டைக் கட்டமைப்பு விளைவு என்று எழுதுவோம். உற்பத்தியே 100 கோடியிலிருந்து 200 கோடியாக உயர்ந்தால் வருவது அளவு விளைவு. ஒரு நாட்டின் ஆற்றல் செலவு ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று பொருளியலாளர்கள் பிரித்துப் பார்ப்பதும் இந்த மூன்று கேள்விகளைக் கொண்டுதான். பெருக்கலும் கழித்தலும் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவருக்கு இது கடினமில்லை.

இப்போது உண்மையான ஊர்களுக்கு வரலாம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் அங்கே சிமெண்ட் ஆலைகள் அமைந்தன. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் உருளைச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால்தான் சிமெண்ட்டின் மூலமான கிளிங்கர் கிடைக்கும். திருப்பூர்த் தையல் கூடத்தில் ஓடுவது சிறிய மோட்டார். இரண்டு ஊர்களையும் ஒரே தராசில் வைத்து ஒன்றை நல்ல ஊர், இன்னொன்றைக் கெட்ட ஊர் என்று சொல்ல முடியுமா? திருப்பூரின் கட்டடங்களும் சிமெண்ட்டால்தானே எழுந்து நிற்கின்றன?

இங்கே ஒரு துணைக் கேள்வியையும் கேட்கலாம். ஆ ஊர் தன் சிமெண்ட் ஆலையை மூடிவிட்டு, தேவையான சிமெண்ட்டைப் பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கினால்? ஆ ஊரின் ஏட்டில் ஆற்றல் செலவு சரிந்துவிடும். சூளை வேறோர் ஊரில் எரியும். கூடவே லாரி டீசலும் சேரும். நாடுகளுக்கும் இது பொருந்தும். கனரகத் தொழில்களைக் குறைத்துச் சேவைத் துறையை வளர்த்த நாடுகளில் ஒரு ரூபாய் வருமானத்துக்கு ஆகும் ஆற்றல் குறைகிறது. அதில் ஒரு பகுதி உண்மையான சிக்கனம். இன்னொரு பகுதி, எஃகையும் சிமெண்ட்டையும் வேறொரு நாட்டில் செய்ய விட்டு வாங்கிக்கொள்வதால் வருவது. ஏட்டில் குறைவது வேறு, உலகில் குறைவது வேறு என்பதை மாணவர்கள் தங்கள் சொற்களில் எழுதினால் முதல் பாடவேளையின் நோக்கம் நிறைவேறிவிட்டது.

இடையில் வந்த ஒரு கேள்வி

ஒருமுறை இந்தக் கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “எங்கப்பா சர்க்கரை ஆலையில பாய்லர்லதானுங்க சார் வேலை பாக்கறாரு. அப்ப எங்கப்பாதான் நெறைய எரிக்கறாருங்களா?” என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட ரெண்டே கேள்வி கேட்டுட்டு வா கண்ணு. பாய்லர்ல எதை எரிக்கறாங்க? அந்த நீராவி கடைசியா எங்க போகுது?” என்றேன்.

மறுநாள் ஒரு தாளில் படமே வரைந்துகொண்டு வந்தாள். கரும்பு பிழிந்த சக்கை கொதிகலனுக்குப் போகிறது. நீராவி டர்பைனைச் சுற்றி மின்சாரம் தருகிறது. வெளியே வரும் நீராவி வீணாகாமல் சாற்றைக் காய்ச்சும் கலன்களுக்குப் போகிறது. குளிர்ந்த நீர் மறுபடி கொதிகலனுக்கே திரும்புகிறது. தந்தை சொல்லச் சொல்ல வரைந்த படம் அது. இரண்டாம் பாடவேளையை அந்தத் தாளிலிருந்தே தொடங்கினோம். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் முதல் பாடவேளை முடிந்ததும் இதே இரண்டு கேள்விகளை எல்லா மாணவர்களுக்கும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். ஆலையில் வேலை செய்பவர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் டீக்கடை அடுப்பையோ செங்கல் சூளையையோ பற்றி விசாரித்து வருகிறார்கள்.

இரண்டாம் பாடவேளை: யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்?

நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு வெப்பமாக வெளியேறுகிறது. அறிவியல் பாடத்தில் வெப்பம் படித்த மாணவர்களுக்கு இது புரியும். சர்க்கரை ஆலைக்கு மின்சாரமும் வேண்டும், வெப்பமும் வேண்டும். அதனால் ஒரே நீராவியிடம் இரண்டு வேலைகளையும் வாங்கிக்கொள்கிறது. இதற்கு இணை மின் உற்பத்தி என்று பெயர். இந்த இரண்டு வேலைகளும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க மீண்டும் கற்பனை எண்கள்.

தனித்தனியே: ஒரு மின் நிலையம் 300 அலகு எரிபொருளில் 100 அலகு மின்சாரம் தருகிறது. பக்கத்தில் உள்ள உணவு ஆலைக்கு 80 அலகு வெப்பம் வேண்டும். அது தன் கொதிகலனில் 100 அலகு எரிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 400.

சேர்ந்து: மின் நிலையம் டர்பைனின் நடுவிலிருந்து நீராவியை எடுத்து ஆலைக்குக் குழாய் வழியே அனுப்புகிறது. நடுவில் எடுத்ததால் மின்சாரம் குறையும். அதை ஈடுகட்ட 30 அலகு கூடுதலாக எரிக்கிறது. ஆலை தன் கொதிகலனை நிறுத்திவிடுகிறது. மொத்தம் 330. மிச்சம் 70.

நீராவி இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டர்பைனின் கடைசியில் வெளியேறும் வெப்பம் மிகவும் ஆறிப்போனது. சாறு காய்ச்ச அது போதாது. கொஞ்சம் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால்தான் பயன்படும் சூட்டில் நீராவி கிடைக்கும்.

பிறகு இரண்டு ஏடுகளையும் தனித்தனியே காட்டுவேன். மின் நிலையத்தின் ஏட்டில் செலவு 300-லிருந்து 330 ஆகிவிட்டது. ஆலையின் ஏட்டில் 100-லிருந்து 0. “டிசம்பர் 14 விழாவில் பரிசு யாருக்கு?” என்று கேட்பேன். பெரும்பாலோர் ஆலைக்கு என்பார்கள். யாராவது ஒருவர், “அதிகமா எரிச்சுக் கொடுத்தது மின் நிலையம்தானுங்களே சார்?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் மையம். உதவி செய்பவர் தன் ஏட்டில் மட்டும் பார்த்தால் செலவாளியாகத் தெரிவார். இரண்டு ஏடுகளையும் சேர்த்து வைத்தால்தான் ஊருக்கு மிச்சமான 70 கண்ணுக்குத் தெரியும். ஆலைகளில் நடக்கும் ஆற்றல் தணிக்கையிலும் இதற்காகவே உள்ளே வந்த எரிபொருளோடு, வெளியே கொடுத்த மின்சாரத்தையும் நீராவியையும் தனியே எழுதிக் கழிக்கிறார்கள். ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன்படி ஆற்றல் திறன் செயலகம் 2002-இல் அமைந்தது. இந்த இரண்டு செய்திகளையும் இந்த இடத்தில் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

நம் மாவட்டத்து எடுத்துக்காட்டு: காகிதபுரம்

புகளூரை ஒட்டிய காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கியது. உற்பத்தி 1984-இல் ஆரம்பமானது. மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்ய அமைந்த ஆலை அது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. சக்கை சர்க்கரை ஆலைக்குக் குப்பை ஆகாது, எரிபொருள். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை கிடைக்கும். அதில் பாதியளவு ஈரம். இருந்தாலும் ஆலையை ஓட்ட அது போதும். அதை எடுத்துக்கொண்டால் கொதிகலனுக்கு என்ன செய்வது? சக்கைக்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ தருவது என்று காகித ஆலை சர்க்கரை ஆலைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இங்கே மாணவர்களை நிறுத்தி, “இதில் என்ன மிச்சம்?” என்று கேளுங்கள். நிலக்கரி மிச்சமாகவில்லை. சர்க்கரை ஆலைக்காக முன்பு இல்லாத நிலக்கரி எரிகிறது. மிச்சமாவது மரம். அப்படியானால் இது நல்ல ஏற்பாடா? என் வகுப்பில் இதற்கு ஒருமித்த விடை வந்ததே இல்லை. வர வேண்டியதும் இல்லை. எதை மிச்சப்படுத்த எதைச் செலவழிக்கிறோம் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

அதே வளாகத்தில் ஆற்றலை நேரடியாக மிச்சப்படுத்தும் ஏற்பாடுகளும் உண்டு. சக்கையைக் கழுவிய நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது கிடைக்கும் எரிவாயுவைச் சுண்ணாம்புச் சூளையில் எரித்து உலை எண்ணெயைக் குறைக்கிறார்கள். காகிதக்கூழ் தயாரிப்பில் மிஞ்சும் சுண்ணாம்புச் சேறும், கொதிகலனில் மிஞ்சும் உலர்சாம்பலும் சிமெண்ட்டுக்கு மூலப்பொருளாகின்றன. சிமெண்ட்டில் உலர்சாம்பல் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்குச் சூளையில் சுட வேண்டிய கிளிங்கர் குறையும். போர்ட்லேண்ட் போசலானா சிமெண்ட்டில் 35 விழுக்காடு வரை உலர்சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது. அனல் மின் நிலையத்தின் கழிவு சிமெண்ட் ஆலையின் நிலக்கரியைக் குறைக்கிறது என்றால் மாணவர்கள் வியப்போடு கேட்கிறார்கள். வீட்டில் கிடக்கும் சிமெண்ட் மூட்டையில் ‘பிபிசி’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லலாம்.

பிற்காலத்தில் சர்க்கரை ஆலைகள் உயர் அழுத்தக் கொதிகலன் அமைத்துச் சக்கையில் மின்சாரம் தயாரித்து விற்கத் தொடங்கின. மழை பொய்த்த ஆண்டுகளில் கரும்பும் குறைந்தது. சக்கைக்குப் போட்டி வந்துவிட்டது. ஒத்துழைப்பு ஒருமுறை கையெழுத்திட்டால் காலமெல்லாம் நிற்பதில்லை, ஒவ்வொரு தரப்புக்கும் அதில் ஆதாயம் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கடல் கடந்த எடுத்துக்காட்டு: கலுண்ட்போர்க்

டென்மார்க்கின் கலுண்ட்போர்க் ஒரு சிறிய துறைமுக நகரம். ஆலைகள் ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று பயன்படுத்துவதற்கு உலகெங்கும் சுட்டப்படும் ஊர் அதுவே. அங்கே யாரும் பெரிய திட்டம் தீட்டி இதைத் தொடங்கவில்லை. 1961-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு நிலத்தடி நீரைத் தவிர்த்து ஏரி நீரைக் கொண்டுவந்தார்கள். 1972-இல் அந்த ஆலையில் வீணே எரிந்துகொண்டிருந்த வாயு, பக்கத்து ஜிப்சம் பலகை ஆலைக்கு எரிபொருளானது. 1980-களின் தொடக்கத்தில் மின் நிலையத்தின் வெப்பம் ஊர் வீடுகளுக்கும், நீராவி சுத்திகரிப்பு ஆலைக்கும் இன்சுலின் தயாரிக்கும் நோவோ நிறுவனத்துக்கும் போகத் தொடங்கியது. குளிர்நாடு என்பதால் வீட்டைச் சூடாக்குவது அங்கே பெரிய செலவு. சுமார் 3,500 எண்ணெய்ச் சூடேற்றிகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1993-இல் மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது கிடைத்த ஜிப்சம் பலகை ஆலைக்குச் சென்றது. ஒவ்வொன்றும் இரண்டு தரப்புகளுக்கு இடையிலான தனி ஒப்பந்தம். அத்தனையும் சேர்ந்து ஒரு வலை ஆகிவிட்டதைப் பின்னர்தான் கவனித்து, உயிரியலில் நாம் சொல்லும் கூட்டுயிர் வாழ்வின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

நம் பாடத்தோடு இது சேரும் இடம் அருகாமை. சாம்பலை லாரியில் ஏற்றலாம். நீராவியைத் தொலைவுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே ஆறிவிடும். அதனால் தொழில்கள் அருகருகே அமைவது ஆற்றலுக்கும் உதவுகிறது. ஆனால் ஒரே வகைத் தொழில் மட்டும் கூடினால் எல்லோரிடமும் ஒரே மிச்சம்தான் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. வெவ்வேறு வகைத் தொழில்கள் பக்கத்தில் இருந்தால்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும். பாடநூலின் தொகுப்புப் பட்டியலை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

குழுச் செயல்பாடு: மிச்ச அட்டைகள்

தேவையானவை பழைய அட்டைகளும் நூலும் மட்டுமே. ஒவ்வோர் அட்டையிலும் உள்ளூர்த் தொழில் ஒன்றின் பெயரை எழுதுங்கள். முன்பக்கம் அதன் தேவை, பின்பக்கம் அதன் மிச்சம். என் வகுப்பில் பயன்படும் சில அட்டைகள்:

அரிசி ஆலை: தேவை நெல் அவிக்க வெப்பம். மிச்சம் உமி, சாம்பல். (100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி.)

வெல்லம் காய்ச்சும் கொட்டகை: தேவை அடுப்புக்கு எரிபொருள். மிச்சம் காய்ந்த சக்கை.

செங்கல் சூளை: தேவை எரிபொருள், மண். மிச்சம் சூடான புகை.

தேங்காய்க் களம்: தேவை கொப்பரை உலர்த்த வெயில் அல்லது வெப்பம். மிச்சம் சிரட்டை, மட்டை.

மாட்டுப் பண்ணை: தேவை தீவனம். மிச்சம் சாணம்.

பள்ளிச் சத்துணவுக் கூடம்: தேவை அடுப்புக்கு எரிவாயு. மிச்சம் காய்கறிக் கழிவு.

மாணவர்கள் வட்டமாக நின்று, ஒருவரின் மிச்சம் இன்னொருவரின் தேவையானால் நூலால் இணைக்க வேண்டும். இணைக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம்? ஆண்டு முழுவதும் கிடைக்குமா? கொடுப்பவருக்கு என்ன ஆதாயம்? விடை சொல்ல முடியாத இணைப்பை அவிழ்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் வலை நிறைய நூல் இருக்கும். கேள்விகள் முடியும்போது நான்கைந்துதான் நிற்கும். நின்றவை ஏன் நின்றன என்பதை ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஓர் ஆலை திடீரென்று மூடினால் எந்தெந்த நூல்கள் அறுகின்றன என்று பாருங்கள். கலுண்ட்போர்க் மின் நிலையமும் நிலக்கரியை விட்டு மரச்சீவலுக்கு மாறியிருக்கிறது. நிலக்கரி குறைந்தால் உலர்சாம்பலும் குறையும். இன்னொருவரின் மிச்சத்தை நம்பியவர் மாற்று வழியையும் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. ஓர் ஊரின் இயந்திரங்கள் எல்லாம் சிக்கனமானவை. ஆனாலும் ஆற்றல் செலவு அதிகம். எப்படி?

2. சேர்ந்து செய்யும் கணக்கில், ஈடுகட்ட ஆகும் எரிபொருள் 30-க்குப் பதில் 110 என்றால் ஒத்துழைப்பால் பயன் உண்டா?

3. சக்கையைக் காகிதத்துக்குக் கொடுப்பதா, மின்சாரத்துக்கு எரிப்பதா? இரு பக்கமும் இரண்டிரண்டு காரணங்கள் எழுதுக.

இரண்டாம் வினாவுக்கு விடை 410. பயன் இல்லை. சேர்ந்து செய்தாலே மிச்சம் என்று முடிவு கட்டாமல் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த எண்.

மாவட்டத்துக்கு மாவட்டம் அட்டைகள் மாறும். சேலத்தில் ஜவ்வரிசி ஆலைத் திப்பியும், திருப்பூரில் பஞ்சுக் கழிவும், கடலோரத்தில் மீன் கழிவும் அட்டையில் ஏறும். உங்கள் ஊர்ப் பட்டியலை மாணவர்களிடமே தயாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வீடுகளில் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.